பளபளத்து வந்த கூடு

பட்டறையில் அப்பாவுக்குச் 'சந்தேகம் சார்' என்று பெயர். காபியில் ஈ இல்லையென்றால், எங்கே போச்சு என்று தேடுகிற ஆள் என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

விமானச் சக்கரங்களின் பிரேக் பாகங்களைச் சோதிப்பது அவர் வேலை. ரசாயனத் தொட்டியில் கழுவி வந்த பாகத்தின்மேல் ஒளிரும் திரவத்தைத் தடவி, ஊறவிட்டு, துடைத்து, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் பார்ப்பார். மயிரிழை விரிசல் இருந்தாலும், உள்ளே இறங்கிய திரவம் பச்சைக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லையென்றால் அவர் முத்திரை விழும். பாகம் விமானத்துக்குப் போகும்.

கழுவும் பகுதியில் இருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா சொல்லித்தான் அந்த வேலை கிடைத்தது.

ஒரு மதியம், பிரேக்கின் பிஸ்டன்கள் உட்காரும் அலுமினியக் கூடு ஒன்று, கடையில் வாங்கிய புதுப் பாத்திரம்போல் பளபளத்து வந்தது. அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மாமாவிடம் போய்க் கேட்டார். தொட்டியில் போகாத கரியை மணல் பீய்ச்சி எடுத்தாராம். வேலை சீக்கிரம் முடிகிறதென்று மேலாளர் பாராட்டினாராம். முந்தின நாள் அனுப்பியதும் அப்படித்தானாம்.

அலுமினியம் மிருதுவான உலோகம். மணல் அடித்தால் மேல்தோல் நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும். திரவம் இறங்காது, விளக்கில் ஒன்றும் தெரியாது. முந்தின நாள் கூட்டிலும் ஒன்றும் தெரியாமல்தான் அப்பா முத்திரை போட்டிருந்தார். அன்று அந்தப் பளபளப்பு அவர் கண்ணில் படவில்லை. அந்தக் கூட்டை மாட்டிய விமானம் மாலையில் கிளம்ப இருந்தது.

"சொல்லாதீங்க அத்தான். என் வேலை போயிடும். நீங்கதான் பார்த்தீங்கள்ல?"

"பார்த்தேன் மாப்ளே. பார்க்க முடியாதத பார்த்துட்டதா முத்திரை குத்திட்டேன்."

ஃபோனை எடுத்தார். விமானம் நின்றது.

அந்தக் கூட்டைக் கழற்றி, மேல்தோலை அமிலத்தில் கரைத்து மறுபடி சோதித்தார்கள். சோதனையில் அப்பாவைச் சேர்க்கவில்லை, வேறொருவர் பார்த்தார். விரிசல் இல்லை. மலையைக் கெல்லினாரு, எலியும் இல்லை என்று பட்டறை சிரித்தது. மாமாவுக்கு வேலை போனது. அப்பாவின் முத்திரையைச் சில மாதம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மா வெகுநாள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

அவர் மகள் கல்லூரியில் உலோக முறிவைப் படித்துவிட்டு வந்தபின் ஒருநாள், செய்தது சரிதானே என்று ஆறுதலாகச் சொன்னாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"சரிதான். ஆனா அவங்க விளக்கைப் போட்டப்ப, ஒரு கோடாவது இருக்கக் கூடாதான்னு நெனச்சேம்மா. அத்தன பேர் ஏறவேண்டிய விமானம். அதுலபோய் விரிசல் வேணும்னு நெனச்சேன் பாரு. அதுதான் உறுத்துது."

அப்பா இறந்த அன்று மாமா வந்தார். அத்தனை வருடத்தில் அந்த வீட்டு வாசலை மிதித்தது அப்போதுதான். சவரம் செய்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மாமா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கூட்டுல ஒண்ணுமே இல்லியே கண்ணு."

பார்க்காமல் அது தெரிந்திருக்காது என்ற பதில் அவளுக்குத் தெரியும். மாமா உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.