தூரம் பூச்சியம்

நம்புகிறவர் நம்புங்கள். நம்பாதவர் கொழும்புத்துறைக் கடலோரத்து அந்தக் கோபுர அறைக்குள் ஒரு மத்தியானம் தனியே நின்றுவிட்டு வந்து கதையுங்கள். தனுஷிகா நின்றவள். இன்றைக்கும் அவள் படுக்கும் அறையின் கதவைச் சாத்துவதில்லை.

தொலைபேசிக் கம்பனியில் ரவுட்டர்களைப் பார்ப்பது அவள் வேலை. இணையத்துக்கு வழி சொல்லும் பெட்டிகள் அவை. ஊர்ச் சனம் மாதிரித்தான். பத்துச் செக்கனுக்கு ஒருமுறை பக்கத்துப் பெட்டிக்கு "இருக்கிறேன்" என்று சொல்லும். எங்கே போக எது கிட்டிய வழி, தூரம் எத்தனை பெட்டி என்று ஒன்றுக்கொன்று கதை பரிமாறும். பக்கத்துப் பெட்டி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும். நாற்பது செக்கன் சத்தமில்லை என்றால், அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும்.

அன்று கோபுரம் வேலை செய்யவில்லை. போனுக்குச் சிக்னலும் இல்லை. கூட வேலை செய்யும் றொஷான் அவளைக் கம்பனி வானில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கம்பனிக் கந்தோருக்குத் திரும்பினான். கோபுர அறையின் இரும்புக் கதவுக்கு உள்பக்கம் கைபிடி கிடையாது. செங்கல் ஒன்றை இடையில் வைத்துத்தான் எல்லோரும் வேலை செய்வார்கள். ஏசிக் குளிர் வீணாகப் போகிறதே என்று அவள் கல்லைக் கொஞ்சம் நகர்த்தினாள். மிச்சத்தைச் சோளகக் காற்று பார்த்துக்கொண்டது.

டமார்!

தட்டினாள். கத்தினாள். வெளியே காற்று மட்டும்தான். லப்டொப்பை ரவுட்டரில் செருகி றொஷானுக்குச் செய்தி அனுப்பினாள்.

"கதவு பூட்டுப்பட்டிட்டுது. கெதியா வா."

பதில் வந்தது. "ஓம், வாறன்."

அப்பாடா என்றிருந்தது. காத்திருந்த நேரத்தில், ரவுட்டருக்குத் தெரிந்த பெட்டிகளின் பெயர்களைப் பார்த்தாள். பொருத்தியவரின் பெயரையே பெட்டிக்கு வைப்பது அவர்கள் வழக்கம். இரண்டு பெயர் இருக்கவேண்டும். மூன்று இருந்தது.

செபநாயகம். தூரம் 3.

அவள் கேள்விப்படாத பெயர். கந்தோருக்குக் கிட்டிய வழி தன்னுடையதுதான் என்று அந்தப் பெட்டி சொல்லியிருந்தது. இவளுடைய ரவுட்டரும் நம்பி, அவள் செய்தியை அந்த வழியாலேயே அனுப்பியிருந்தது. எந்த வயரால் வருகிறது என்று தேடினாள்.

அந்தத் துளையில் வயரே இல்லை... விளக்கு மட்டும் மின்னியது.

தூரம் 2.

மீண்டும் எழுதினாள். "றொஷான், எங்கை நிக்கிறாய்?"

"கிட்டத்தான்."

தூரம் 1.

ஏசி நின்றது. இரைச்சல் அடங்கியது.

குளிர் மட்டும் கூடியது...

தூரம் 0.

பூச்சியம் என்றால் இந்தப் பெட்டி. இந்த அறை.

பிடரியில்... யாரோ மூச்சு விட்டார்கள்.

கதவு திறந்தது. வெயில். றொஷான், கையில் அவளுடைய சோற்றுப் பார்சல்.

"உந்தச் சோத்தை வானுக்கை விட்டிட்டுப் போட்டாய்... ஏன் அழுறாய்?"

"என்ரை மெசேஜைப் பாத்துத்தானே வந்தனீ?"

அவன் போனை நீட்டினான். அவள் பெயரில் ஒரே ஒரு செய்திதான் வந்திருந்தது.

"கதவு திறந்திட்டுது. வரவேண்டாம்."

பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள். செபநாயகம் இரண்டு வருசத்துக்கு முன், அவளைப்போல ரவுட்டர் பார்க்கப் போய், அதே அறையில் பூட்டுப்பட்டு, மூச்சு முட்டி இறந்தவர். அவரும் கந்தோருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறார். ஒருவரும் போகவில்லை. கந்தோரிலிருந்து ஒருவரும் பதில் போடவுமில்லை; ஆனால் அவருக்குப் பதில் வந்திருக்கிறது. அவருடைய லப்டொப்பில் கடைசியாகக் கிடந்தது அதுதானாம்.

"ஓம், வாறன்."