வாய்விட்டுச் செய்த ஜெபம்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை ஜெபக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விருந்தாளிகளின் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. காலரை இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும், மாற்றித் தேய்த்தால் முனையில் சுருக்கம் விழுந்துவிடும். காலருக்கு ஒரு ஜெபம், கைப்பட்டிக்கு ஒரு ஜெபம் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். எல்லாம் வாய்விட்டுத்தான். அவள் வளர்ந்த சபையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பார்கள். மனசுக்குள் ஜெபிக்கிற வித்தை அவளுக்கு வரவே இல்லை. "வாயை மூடினா என் மனசு கடைத்தெருவுக்குப் போயிடுது" என்பாள். நீராவி இரைச்சலில் அவள் என்ன முணுமுணுக்கிறாள் என்று யார் காதிலும் விழாது. வீட்டில் அந்த இரைச்சல் கிடையாது.

அவள் கணவர் பஸ் ஓட்டியவர். அவர் பேச ஆரம்பித்தால் பின்சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். அப்பேர்ப்பட்ட மனிதர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. மூக்கைத் தொடச் சொன்னால் போர்வையைத் தொட்டார். பசிக்கிறதா என்றாலும் தலையாட்டினார், வயிறு நிறைந்ததா என்றாலும் தலையாட்டினார். மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். அவர் முடிப்பதற்குள் இவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சபைப் போதகர் வந்து, "விசுவாசத்துல உறுதியா இரும்மா" என்றார். பிஸ்கட் சாப்பிட்டார், போனார். உறுதி என்றால் என்னவென்று அப்புறம்தான் தெரிந்தது. முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஈரமான விரிப்பை ஆளைத் தூக்காமலே உருவ வேண்டும். ஊட்டியது உள்ளே இறங்கியதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பகலில் கீழ்வீட்டில் இருக்கும் அக்கா பார்த்துக்கொள்வாள். மாலையில் இவள் வந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, கட்டிலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்வாள்.

ஓட்டலில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் மனைவியை இழந்தவர். நல்ல மனிதர், தொல்லையே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் இஸ்திரிப்பெட்டியைக் காட்டியே துரத்தியிருப்பாள். இவரோ அவளுக்குப் பகல் வேலையே கிடைக்கும்படி பேசி வாங்கிக் கொடுத்தார். கால் வலிக்குமே என்று அவள் மேஜையடியில் ரப்பர் விரிப்பு போட்டார். யாராவது தனக்காக எதையாவது போட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் மறைக்கவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் அன்றன்றைக்கே சொன்னாள்.

"ஆண்டவரே, இன்னைக்கு அவர் சட்டையில பித்தான் தொங்கிக்கிட்டிருந்தது. தச்சுக் கொடுத்தேன். தச்சு முடிச்சப்புறமும் சட்டையைத் திருப்பிக் கொடுக்க மனசு வரலை. உமக்குத் தெரியாததா?"

ஒருநாள் ஸ்டோர்காரர் கேட்டேவிட்டார். அவருக்கு வேறு ஊர் ஓட்டலுக்கு மாற்றல். சனிக்கிழமை கிளம்புகிறார்.

"உங்க வீட்டுக்காரரை நல்ல இல்லமா பார்த்துச் சேர்த்துடலாம். கைவிடச் சொல்லலை. நீங்களும் ஒரு மனுஷிதானே? என்கூட வந்துடுங்க."

அக்காவிடம் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தாள். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தாமல், "போயிடுடி. அவருக்கென்ன தெரியப்போகுது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆண்டவரே, பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் போகணும்போல இருக்கு. உம்ம முன்னாடி இவருக்கு வாக்குக் கொடுத்தேன், மறக்கலை. ஆனா அப்ப வாக்கு வாங்கின மனுஷன் இங்கே இல்லையே. நான் இருந்தாலும் இவருக்குத் தெரியாது, போனாலும் தெரியாது. நான் என்ன செய்ய? நீராவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லும்."

ஆமென் சொல்ல நாக்கு எழவில்லை. கட்டில் கிரீச்சிட்டது. கண்ணைத் திறந்தாள்.

கணவர் இடது கையால், விளங்காத வலது கையிலிருந்த கல்யாண மோதிரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். விரல் வீங்கியிருந்ததால் அது கணுவில் சிக்கிக்கொண்டது. செத்த கையை வாய்க்குத் தூக்கிப் பல்லால் இழுத்தார்.

"என்னங்க, அரிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தார். அவர் இல்லை என்று தலையசைத்து அவள் பார்த்ததே கிடையாது. பிறகு அவளைப் பார்த்தார், மோவாயால் கதவைக் காட்டினார், மறுபடி மோதிரத்தை இழுத்தார்.

அவருக்கு எல்லாம் புரிகிறது. ஆரம்பத்தில் புரியாமல்தான் இருந்திருக்கும். புத்தி எப்போது திரும்பிவந்ததோ, அவள் சோதித்துப் பார்க்கவே இல்லை. பித்தான் தைத்தது, ரப்பர் விரிப்பு, எல்லாம் அவர் தலைமாட்டில் சொன்னவை. ஒருநாள் களைப்பில், "இவரை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாம் கேட்டுதா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"ஐயோ, என் ராஜா!" என்று அவர் நெஞ்சில் விழுந்து அழுதாள். அழுது தீர்ந்ததும் கோபம் வந்தது. "யாரைக் கேட்டு மோதிரத்தைக் கழட்டறீங்க? பல்லு போனா யார் கட்டிவிடுறது?" என்று திட்டிக்கொண்டே மோதிரத்தைப் பழையபடி தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்டோர்காரர் பெட்டியோடு நின்றார்.

"நான் வரலைங்க. என் வீட்டுக்காரர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்திருக்கார்."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்லை. போன்னு சொன்னார். அதான் வர முடியலை."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். அவள் அன்று ஒரு சட்டையைக் கருக்கிவிட்டாள்.

மாலையில் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெண் பார்க்க வந்தவர் முன்னால்கூட இப்படி வாயடைத்துப் போனதில்லை. கணவர் நன்றாகக் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, அவர் போயிட்டார். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. இவர் கேட்டுக்கிட்டிருக்கார், இருந்தாலும் உம்மகிட்ட மறைக்க முடியாது. நான் உம்மைக் கேட்டேன், இவர் பதில் சொல்லிட்டார். உம்ம வேலையா அது? நாளைக்கும் இங்கேயே இருக்கிற மனசைக் கொடும். நாளைக்கு மட்டும் போதும். நாளன்னைக்குக்கு வேணுங்கிறதை நாளைக்கு வந்து கேட்டுக்கறேன்."

கட்டிலிலிருந்து, "ஆ..." என்று ஒரு சத்தம் வந்தது. அவர் உதடுகள் கூடுவதற்குத் தவித்தன. அந்த ஆமெனின் மீதியை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. இடது கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.