வெட்டுச் சீட்டு எது?

எங்கள் வீட்டில் சீட்டு ஆடுவது நானும் என் மருமகளும்தான். ராஜா ராணி சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ மந்திரமோ படமாகப் போட்டிருக்கும். என் கரடி அவள் பிசாசை அடிக்கப் போகும், அவள் ஒரு மந்திரத்தைப் போட்டுக் கரடியைத் தூங்க வைப்பாள். காலேஜ் நாளிலிருந்தே ஆடுகிறவள். என் மகனுக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. அதனால் கடையில் கட்டாகவே விற்கிற ரெடிமேட் பெட்டி ஒன்றை எனக்கு வாங்கி வந்து, "அத்தை, நீங்கதான் எனக்கு ஜோடி, உக்காருங்க" என்றாள். சீட்டில் எல்லாம் இங்கிலீஷ், நான் படித்தது அஞ்சாவது. ஆனால் போனில் அவள் ஏற்றிக் கொடுத்த ஆப்பைச் சீட்டுக்கு நேரே பிடித்தால் அதுவே தமிழில் படித்துச் சொல்லும். கேள்வி கேட்டாலும் பதில் சொல்லும்.

நான் நிறைய ஜெயித்தேன். கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சமையல்கட்டில் அவள் என் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது. "அந்த ரெடிமேட் கட்டை வச்சு அத்தை எங்க ஜெயிக்கிறது? பாவம், நான்தான் விட்டுக் குடுக்கறேன்."

ஆசையில் செய்ததுதான். எனக்குத்தான் முகம் காந்தியது. வாய்விட்டுக் கேட்கிற ஆள் நான் இல்லை. ஆனால் ஒரு ஆட்டமாவது அவள் எனக்கு விட்டுக் கொடுக்காமல் ஆட வேண்டும் என்று மனசு பிடித்துக்கொண்டது.

அவள் ஆபீஸ் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு போனிடம் கேட்டேன். "என் கட்டுல வெட்டுச் சீட்டு எது எது?"

சின்ன வயசில் நாங்கள் கழுதை ஆடும்போது, எதிராளிக்கு அடி கொடுக்கிற சீட்டுதான் வெட்டு. போன் உடனே சொன்னது: வெட்ட வேண்டியவை முயல், முள்வேலி, கிழட்டு ஆமை... ஆமை போயா வெட்டும் என்று தோன்றியது. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா என்று, புலியையும் கரடியையும் எடுத்து ஓரமாக வைத்தேன். அந்த இடத்துக்கு இன்னும் நாலு ஆமை வாங்குவது என்று முடிவு.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறிப் புத்தூர் போனேன். மருமகள் சீட்டு வாங்குகிற கடைக்குள் மேஜை மேஜையாகக் காலேஜ் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஜூஸ் கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நுழைந்தேன்.

"பேரனுக்காம்மா?" என்றார் கடைக்கார அம்மா.

"எனக்குத்தாங்க" என்று முணுமுணுத்தேன். ஆமைப் படம் இருந்த போனை நீட்டினேன்.

"ஆமையா? எல்லாரும் இதைத்தான் முதல்ல தூக்கிப் போடுவாங்க. யாருங்க இதை வாங்கச் சொன்னது?"

போனிடம் கேட்டதைச் சொன்னேன். அந்த அம்மா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, அதையெல்லாம் கட்டுலேருந்து வெட்டித் தள்ளச் சொல்லியிருக்குங்க!"

மேஜைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. எங்கே போய் ஒளிவது என்று இருந்தது. அப்புறம் எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அங்கேயே நின்று மறுபடி கேட்டேன். "எதிராளி மிருகத்தைச் சாய்க்க என்ன சேர்க்கணும்?" இந்தத் தடவை ஓநாய்களைச் சொன்னது. ஒன்று இறங்கினால் கட்டிலிருந்து இன்னொன்றைக் கூட்டி வருமாம். புலியும் கரடியும் திரும்ப உள்ளே. யானை மெதுவு, எடுத்துவிடு என்றது. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை; தினமும் கோயில் யானையைக் கும்பிடுகிறவள், யானையை எடுப்பேனா?

"ஸ்ரீரங்கமாங்க?" என்றார் கடைக்கார அம்மா. எப்படிக் கண்டுபிடித்தாரோ!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தோம். அவள் ஒரு கையில் போனை நோண்டிக்கொண்டே ஆடினாள். என் முதல் ஓநாய் வந்தது. கூடவே ரெண்டாவது.

"இது ஏது அத்தை?"

"கட்டுல இருந்துது."

மூன்றாவதும் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். சம்மணம் போட்டு நிமிர்ந்தாள். உள்ளே இருந்து மகன், "காபி கிடைக்குமா?" என்றான். "சும்மா இருங்க, அத்தை என்னைக் கொன்னுக்கிட்டிருக்காங்க!" என்று கத்தினாள். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள், போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கப் பார்த்தாள்.

"போட்டது போட்டதுதான்" என்றேன்.

முறைத்தாள். அப்புறம் எனக்கு இதுவரைக்கும் காட்டாத ஒரு மந்திரத்தை எடுத்து வீசினாள். என் ஓநாய்கள் மொத்தமும் போச்சு. ரெண்டு சுற்றில் ஆட்டம் முடிந்தது.

"ஜெயிச்சுட்டேன்!" எழுந்து நின்று கையைத் தூக்கிக் குதித்தாள். "அப்பா! உயிரே போயிடுச்சு அத்தை!"

தோற்றவள் நான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

"குதிச்சது போதும், உக்காருடி. கலைச்சுப் போடு" என்றேன். உள்ளே இருந்து மகன் எட்டிப் பார்த்தான், யார் இவ்வளவு சத்தமாகப் பேசுவது என்று.