இரண்டரையை ஐந்தாக்கினேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், குரோம்பேட்டையில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரம் பக்கத்தில் உள்ள ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் புரோகிராம் எழுதும் வேலை. மருந்தின் பெயரையும் குழந்தையின் எடையையும் பதிந்தால், எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்று திரையில் வரும். அந்தக் கணக்கு முழுக்க என் கைவேலை.

எங்கள் கம்பெனியில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. புரோகிராமை எழுதுவதற்கு முன்பே டெஸ்ட்டை எழுதிவிட வேண்டும். அதாவது, இன்ன கேள்விக்கு இன்ன விடை வர வேண்டும் என்று முதலிலேயே குறித்து வைத்துவிடுவோம். புரோகிராம் அதே விடையைக் கொடுத்தால் பச்சை, மாறினால் சிவப்பு. எல்லாம் பச்சையானால்தான் வெளியே போகும். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு காய்ச்சல் சிரப்பு எவ்வளவு என்று பாட்டில் லேபிளைப் பார்த்து, பேப்பரில் போட்டுச் சரிபார்த்து, இரண்டரை மில்லி என்று எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. புரோகிராம் ஐந்து என்றது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தாக வேண்டும். எங்கள் டீம் லீட் பின்னால் வந்து நின்று, "டெஸ்ட்லதான் ஏதோ தப்பா இருக்கும். அந்த நம்பர மாத்திட்டு அனுப்பும்மா" என்றார். எனக்கும் ரயிலைப் பிடிக்கிற அவசரம். இரண்டரையை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டேன். உடனே பச்சை. பையன் எழுதிய விடையைப் பார்த்து விடைக்குறிப்பைத் திருத்துகிற வாத்தியார் செய்கிற காரியம் அது. இதைச் செய்யாத புரோகிராமர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

திங்கட்கிழமை காலையில் புரோகிராமை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக் கொடுக்க நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸுக்கு என் வயசுதான் இருக்கும். அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். முதல் கேஸே காய்ச்சலோடு வந்த ஒரு வயசுப் பெண் குழந்தை, அம்மா மடியில் துவண்டு கிடந்தது. எடை அதே பத்து கிலோ. திரையில் ஐந்து மில்லி என்று வந்தது. நர்ஸ் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஏதோ கிறுக்கினார்.

"இன்னா மேடம், ரெண்டரதான் வருது. இதுல அஞ்சுன்னு கீது?"

எனக்குச் சுருக்கென்றது. "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சு சிஸ்டர். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்றேன். என்ன திமிர் பாருங்கள்!

"அது உங்க டெஸ்ட்டு மேடம். கொழந்த என் கையில கீது. நான் ஊத்த மாட்டேன்."

பாட்டிலை என் கையில் வைத்தார். அந்த மருந்து வீரியம் குறைந்தது, கூடியது என இரண்டு விதமாக வருகிறது. என் கையில் இருந்தது கூடியது. டெஸ்ட் எழுதும்போது ஞாபகம் வைத்திருந்த நான், புரோகிராமில் எல்லாவற்றையும் குறைந்ததாகவே கணக்குப் போட்டிருக்கிறேன். குழந்தைக்கு இரண்டு மடங்கு போயிருக்கும். நான் அழித்த இரண்டரை, நர்ஸின் கையெழுத்தில் என் முன்னால் கிடந்தது.

வெளியே வந்து லீடுக்குப் போன் போட்டேன். "நெட்வொர்க் பிராப்ளம்னு சொல்லி சமாளி. சாயங்காலத்துக்குள்ள சத்தமில்லாம சரி பண்ணிடலாம்" என்றார். ஒரு தரம் இவர் பேச்சைக் கேட்டது போதாதா? "முடியாது சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உள்ளே போய் டாக்டரிடமும் நர்ஸிடமும் சொன்னேன். நான் சொல்கிற வரைக்கும் இதைத் தொடாதீர்கள், டெஸ்ட் சரியாகத்தான் இருந்தது, நான்தான் மாற்றினேன் என்று. "இன்னா ஆச்சுக்கா?" என்று கேட்ட அந்த அம்மாவிடமும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே குழந்தையை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டார். நர்ஸ் இரண்டரை மில்லியை அளந்து புகட்டினார்.

ஆபீஸில் என்னை நிற்க வைத்து வறுத்தெடுத்தார்கள். "யாரக் கேட்டு சொன்ன? கம்பெனி மானமே போச்சு" என்று லீட் கத்தினார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதவில்லை. புரோகிராமைச் சரி செய்கிறேன், ஆனால் இனிமேல் டெஸ்ட்டில் இருக்கும் விடைகளை அந்த நர்ஸ்தான் எழுதித் தருவார், அதில் இந்த ஆபீஸில் யாரும் கை வைக்கக் கூடாது, சம்மதமில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். திட்டித் தீர்த்துவிட்டுச் சம்மதித்தார்கள். நர்ஸ் இரண்டு பக்கம் எழுதித் தந்தார். ஓட்டிப் பார்த்தால் இன்னும் இரண்டு சிவப்பு! நம்பரை மாற்று என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. லீட் மட்டும் நான் அங்கிருந்து விலகும் வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது மேடவாக்கத்தில் வேறு கம்பெனி. இங்கேயும் அவசரம் என்றால் எவராவது அதே யோசனையோடு வந்து நிற்கிறார்கள். நான் மறுக்கிறேன். பிடிவாதக்காரி என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பெற்றவள் முகத்தைப் பார்த்து "தப்பு என்னுடையது" என்று ஒரு தரம் சொன்னவளுக்கு, மேனேஜர் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்ல என்ன பயம்?