யாருக்காகவும் கேட்கவில்லை

என் நண்பரின் மகளுக்கு நிச்சயமாகவிருந்த கலியாணம் என்னால் முறியப் பார்த்தது. பகையால் அதைச் செய்யவில்லை, பொறாமையாலும் இல்லை. ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியை யாருக்காகவும் கேட்கவில்லை, எந்தத் தேவைக்காகவும் கேட்கவில்லை என்பதைத்தான் இன்றும் சொல்லக் கூசுகிறது. நண்பர் நைஜீரியர். நான் யாழ்ப்பாணத்தான். ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் மருத்துவமனைகளின் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு தொழிற்கூடத்தில் இருவரும் பல வருடங்கள் ஒரே இயந்திரத்தில் வேலை செய்தோம். ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருவர் தன் பக்கத்தைத் தளர விட்டால் விரிப்பு சுருக்கத்தோடு வெளியே வரும். ஊரில் நான் கணித ஆசிரியர். எங்கள் வீட்டு அழுக்குத் துணியை எடுக்க வந்தவர்கள் வளவின் பின்பக்கத்தால் வந்து பின்பக்கத்தாலேயே போவார்கள். அதைப் பற்றி நான் அப்போது யோசித்ததில்லை. பிறருடைய விரிப்புகளை நானே வெளுக்கத் தொடங்கிய பிறகும் யோசிக்கவில்லை.

துணி மடிக்கும் மேசையில் இன்னொரு நைஜீரியர் இருந்தார், ஒரு பெண். நாங்கள் தமிழர் இரண்டு மூன்று பேர் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். பொருளைக் கேட்டு அறிந்த பிறகு, "அக்கா வந்துவிட்டேன்" என்று அவரே அறிவித்துக்கொண்டு காலையில் உள்ளே வருவார். நண்பரும் அவரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். ஒரே நாட்டவர்களுக்கு ஆங்கிலம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "நான் யொரூபா, இவர் இக்போ. நீங்களும் ஒரு சிங்களவரும் சந்தித்தால் எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்றார் அக்கா. "ஜேர்மனில்" என்றேன். மூவரும் சிரித்தோம். அன்றுதான் என் ஆர்வம் தொடங்கியது. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வதைக் கேட்பது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. "யொரூபாக்காரர் பெரியவர்களைக் கண்டால் நிலத்தில் விழுந்து வணங்குவார்கள். எழுந்திருக்கும்போதே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்" என்பார் நண்பர். "இக்போக்காரருக்கு வணங்க நேரமேது? கடை திறக்க வேண்டுமே" என்பார் அக்கா. அக்கா இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். இரண்டாவதாகப் பிறந்தவர் என்பதை அவருடைய பெயரே சொல்லிவிடும் என்று அறிந்தபோது வியந்துபோனேன். பிறகு, பேருந்திலும் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் நைஜீரியப் பெயர் காதில் விழுந்தால், இவர் யொரூபா, இவர் இக்போ என்று மனத்துக்குள் பிரிக்கப் பழகினேன். சரியாக வந்தால் விடைத்தாளில் முழுப் புள்ளி வாங்கிய மாதிரி மகிழ்ச்சி. அதை அறிவுத் தேடல் என்றே நம்பினேன்.

ஆனால் அந்தப் பழக்கத்தை நான் எங்கிருந்து கொண்டுவந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், "சொந்த இடம் எது? அதிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்குள் ஆளின் சாதி பிடிபட்டுவிடும். வாய்விட்டு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். கலியாணப் பேச்சு வந்தால் இதற்குப் பெயர் விசாரிப்பு. ஸ்டுட்கார்ட்டில் பல குடும்பங்கள் அதற்காக என்னிடம்தான் வந்தன. "மாஸ்டர், பெடியனுக்கு நல்ல வேலை. ஆக்கள் எப்பிடியெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்பார்கள். நான் ஊருக்கும் கனடாவுக்கும் தொலைபேசியில் பேசி அறிந்து சொல்வேன். அதில் ஒரு விதி உண்டு. யாருக்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லக்கூடாது. எதிரில் இருப்பவர் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்ற வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் இக்போக்களிடையே ஓசு என்று ஒரு பிரிவு இருந்ததைப் படித்தேன். முன்னொரு காலத்தில் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழித்தோன்றல்களாம். சட்டம் எப்போதோ தடை செய்துவிட்டாலும் சில இடங்களில் கலியாணப் பேச்சின்போது அந்த ஒதுக்கல் இன்னும் தலைகாட்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு உறக்கம் போய்விட்டது. தெரிந்த தெருவைத் தெரியாத நகரத்தில் கண்டவன் மாதிரி இருந்தேன். அக்காவிடம் கேட்டபோது அவர் மடிப்பதை நிறுத்தினார். "அது அவர்களுடைய புண், மாஸ்டர். நீங்கள் கை வைக்காதீர்கள்" என்றார். என் மனைவியிடம் சொன்னேன். "அங்கையும் சாதி இருக்குதெண்டு கண்டுபிடிக்கத்தானோ இவ்வளவு படிச்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டு அவள் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். நண்பரிடம் அவருடைய சொந்த ஊரைக் கேட்டேன். சொன்னார். அதில் எந்தப் பக்கம் என்றேன். "மழை பெய்தால் சேறாகிற பக்கம்" என்றார், விரிப்பை உதறிக்கொண்டே. அந்தப் பதிலோடு நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் இரண்டாவது கேள்விக்கு இப்படி விலகிப் பதில் சொல்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நிற்கவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆப்பிரிக்கக் கடை இருக்கிறது. இராசவள்ளிக் கிழங்கு மாதிரியான ஒரு கிழங்குக்காக நாங்களும் அங்கே போவதுண்டு. ஒரு சனிக்கிழமை அங்கே கிழங்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். இக்போக்காரர், நண்பரின் ஊருக்கு அடுத்த ஊர், நண்பரையும் தெரியும். நண்பரின் பெயரைச் சொல்லி, அவர்கள் என்ன மாதிரியான ஆட்கள் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து ஓசு என்ற சொல்லையும் சொன்னேன். அவர் கிழங்கைக் கீழே வைத்தார். "யார் உன்னைக் கேட்கச் சொன்னது?" என்றார். யாரும் இல்லை என்று சொல்லியிருந்தால் என்னை ஒரு முட்டாள் என்று நினைத்துப் போயிருப்பார். நான் பழக்கதோஷத்தில் சிரித்தேன். சிரித்துவிட்டு, கிழங்கு என்ன விலை என்று கடைக்காரரைக் கேட்டேன்.

ஆஹென் நகரில் படித்து அங்கேயே வேலையில் சேர்ந்த ஓர் இக்போ இளைஞன் நண்பரின் மகளை விரும்பியிருந்தான். பெண் கேட்டு முறைப்படி அவனுடைய வீட்டார் வரவிருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும். கடையில் நின்றவருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது. என் சிரிப்பை அவர் தன் விதமாகப் படித்தார். யாரோ ஒரு குடும்பம் சந்தேகப்பட்டு, ஆள் அனுப்பி விசாரிக்கிறது என்று அவருக்குப் பட்டது. அங்கிருந்து பேச்சு ஆஹெனில் இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் போனது. அவரிடமிருந்து நைஜீரியாவில் இருந்த மாப்பிள்ளையின் தாய்க்குப் போனது. வருவதாகச் சொன்ன நாளில் அவர்கள் வரவில்லை. நண்பர் வீட்டில் சமைத்த சாப்பாட்டை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்களாம். அதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். கேட்டவர் ஓர் இலங்கை மனிதர், சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர் என்பதும் பேச்சோடு சேர்ந்தே போயிருந்தது.

திங்கட்கிழமை நண்பர் வழக்கம் போல எனக்கு எதிரே நின்றார். விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு, "நீயா?" என்றார். ஓம் என்றேன், தமிழிலேயே. அவர் சத்தம் போடவில்லை. "என் மகள் இந்த ஊரில் பிறந்தவள். அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. அது அவள் காதில் விழாமல் அவளை வளர்க்க எனக்கு எவ்வளவு தூரம் வரவேண்டி இருந்தது, தெரியுமா? நேற்று அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடமே கேட்டாள்." அடுத்த விரிப்பு வந்தது. பிடித்தோம். என் பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள்தான். அவர்களுக்கு எங்கள் சாதி தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் நண்பர் வேறு பகுதிக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார்.

நான் ரயில் ஏறி ஆஹெனுக்குப் போனேன். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னை மரியாதையாக உட்காரவைத்து, குடிக்கத் தந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டது நான், நண்பரின் குடும்பத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, யாரும் எதுவும் சொல்லவுமில்லை என்றேன். "இப்போது உங்களை யார் அனுப்பியது?" என்றார். யாருமில்லை. "அன்றைக்கு?" அன்றைக்கும் யாருமில்லை. அவர் என் குவளையை மீண்டும் நிரப்பினார். "எங்களிலும் இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. தங்கள் வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்பார்கள். அதுவும் தவறுதான். ஆனால் சும்மா கேட்கிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். மறுக்க ஒருவன் மினக்கெட்டு ரயிலேறி வந்தது சந்தேகத்தைக் கூட்டியதா குறைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தாய் மனம் மாறவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். ஆனால் பையன் உறுதியாக நின்றான்.

அதன் பிறகு யாருக்கும் விசாரித்துச் சொல்வதில்லை. "ஏலாது, வேறை ஆளைப் பாருங்கோ" என்றேன். வேறு ஆளைப் பார்த்தார்கள். அதை ஏன் விட்டுவிட்டேன் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நண்பரிடம் நான் பிறகு கேட்ட மன்னிப்பை அவர் ஏற்றதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை. கடையில் நான் கேட்ட கேள்விக்கு அவர் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு விடை தெரியாது. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்: இந்த வயதிலும், இவ்வளவு நடந்த பிறகும், சில நேரங்களில் அறிந்துகொள்ள ஆசை எழுகிறது.

கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போய் ஸ்டுட்கார்ட்டிலேயே நடந்தது. அழைப்பிதழில் என் மனைவியின் பெயர் மட்டும் இருந்தது. அவளைக் காரில் கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கினேன். பச்சை நூல் சேலை உடுத்தியிருந்தாள். "வீட்டை போங்கோ, முடிய போன் எடுக்கிறன்" என்றாள். நான் போகவில்லை. கார் தரிப்பிடத்தில் இருந்தபடியே மண்டபத்தின் கண்ணாடிக் கதவால் பார்த்தேன். மாப்பிள்ளையின் பக்கத்துக்கென்று போட்டிருந்த நாற்காலிகளில் பல வெறுமையாக இருந்தன. சித்தப்பா இருந்தார். தாய் இல்லை. அக்கா தன் ஆட்கள் சிலரைக் கூட்டிவந்து அந்த வரிசைகளில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியபோது நண்பர் வெளியே வந்து என் காரை நோக்கி நடந்தார். கண்ணாடியை இறக்கினேன். "லைட் எரிகிறது. நிறுத்திவிடு, பற்றரி இறங்கிவிடும்" என்றார். நிறுத்தினேன். அவர் ஒரு கணம் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போனார்.