ஆர்டித் அடைத்த தோட்டாக்கள்

ஆர்டித் ஸ்கார் எங்கள் மொன்டானாப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பனி கொட்டிக் கிடக்கும் காலைகளிலும் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அந்தப் பேருந்தில் சத்தம் போட்ட பையன்கள் இன்று தலை நரைத்தவர்கள். அவளைக் கண்டால் இன்னும் முதுகை நிமிர்த்துவார்கள்.

அவள் கணவன் ஆர்வல் என் பள்ளித் தோழன். எங்கள் இரண்டு பண்ணைகளுக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான். அவனிடம் கொள்ளுத்தாத்தா காலத்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒரு முறை சுட்டதும் பின்பக்கத்தைத் திறந்து, அடுத்த தோட்டாவைக் கையால் வைக்க வேண்டும். புகை கக்கும் கரி வெடிமருந்துக்காகச் செய்த பழைய இரும்பு. கடைத் தோட்டாவின் வேகத்தை அது தாங்குமோ தாங்காதோ என்ற பயம் அவனுக்கு உண்டு. ஒரு குதிரைக்குட்டி தள்ளிவிட்டதிலிருந்து அவன் தோள்பட்டையும் எதையும் தாங்குவதில்லை. அதனால் ஆர்டித்தே புகையில்லா வெடிமருந்தைக் குறைந்த அளவில் தோட்டாவில் அடைத்துத் தருவாள்.

"இரும்பும் கிழடு, நீயும் கிழடு. ரெண்டுக்கும் கஞ்சிதான்" என்பாள்.

கொட்டகை ஜன்னலோரம் அவள் மேசை. சுட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவிக் காயவைப்பாள். மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு அடியில் செத்துக் கிடக்கும், அதைத் தட்டி எடுத்துப் புதுப் பொட்டு வைப்பாள். தராசில் மருந்தை நிறுத்து ஊற்றி, ஈயக் குண்டைப் பொருத்தி, விளிம்பை லேசாக நெருக்கி மூடுவாள். வேலை நடக்கும்போது தேவாலயப் பாட்டு ஏதாவது முணுமுணுப்பாள், பாதிச் சொற்களை விழுங்கிக்கொண்டு.

கோடையில் சனிக்கிழமைகளில் பள்ளத்தாக்கு மைதானத்தில் துப்பாக்கி சுடக் கூடுவோம். தூரத்து மேட்டில் இரும்பில் வெட்டிய காட்டெருமைகள் நிற்கும். குண்டு பட்டால் மணிபோல் ஒலிக்கும். எங்களில் பலர் கரிமருந்துக்காரர்கள். சுட்டால் ஆளே தெரியாத அளவுக்குப் புகை. டுவேன் என்பவனுக்கு ஆர்டித்தைச் சீண்டாவிட்டால் அன்றைய பொழுது போகாது.

"மருந்துக்கடை அம்மா வந்தாச்சு! ஏம்மா, புகையே இல்லாம சுடுறது உப்பில்லாத மாட்டுக்கறி மாதிரி இல்ல?"

"உன் மூஞ்சி தெரியாம இருக்கத்தான் உனக்குப் புகை வேணும் டுவேன். எங்க ஆளு பாக்க நல்லா இருப்பான்."

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அது நடந்தது. ஆர்வல் சுட்டான். வெடிக்கவில்லை. 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். கூட்டில் மருந்தே இல்லை. பொட்டின் வேகத்தில் ஈயக் குண்டு குழாய்க்குள் பாதி தூரம் போய் மாட்டிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் கிழிந்திருக்கும்.

"மருந்துக்கடைல ஸ்டாக் இல்லியா?" என்றான் டுவேன். எல்லோரும் சிரித்தோம். ஆர்டித்தும் சிரித்தாள். 

மறுநாள் ஆர்வல் என் வீட்டுக்கு வந்தான்.

"வெஸ், குண்டு பிடுங்குற சுத்தியல் உன்கிட்ட இருக்குல்ல? கொஞ்சம் குடு."

தோட்டாவை அந்தச் சுத்தியலின் தலைக்குள் வைத்து ஒரு கட்டையில் அடித்தால், குண்டு தனியாக, மருந்து தனியாக வந்துவிடும்.  என் பட்டறையிலேயே உட்கார்ந்து, ஆர்டித் அடைத்த அந்தப் பெட்டியில் மீதி இருந்த தோட்டாக்களையெல்லாம் பிரித்தான். புகையில்லா மருந்து கூட்டின் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு தடவை ஊற்றினாலும் நிரம்பி வழியாது, வெளியே தெரியாது. பிரித்துக்கொண்டே வந்தவன் ஒரு கூட்டைக் கவிழ்த்ததும் நிறுத்தினான். அதில் இரண்டு மடங்கு மருந்து.

"இது என் மூஞ்சிக்கு நேரா வெடிச்சிருக்கும்டா."

"அவகிட்ட சொல்லு ஆர்வல்."

"ருபார்ப் பை பலகாரத்துல சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டா, நான் சொல்லல. டவுன்ல இருந்து வீட்டுக்கு வர்ற வழிய என்னையே கேட்டா, மறந்துபோறேன்னு அப்பவும் சொல்லல. இத எப்படிடா சொல்லுவேன்?"

அவன் சொல்லவில்லை. வேறொன்று செய்தான். அவள் அடைத்துத் தந்ததையெல்லாம் என் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்து, தானே நிறுத்து, தானே மூடி, அவளுடைய பெட்டியிலேயே அடுக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவான். அவனுக்கு அந்தக் கை வராது. விரல்கள் தடித்தவை. பித்தளையில் கீறல் விழும், விளிம்பு கோணிக்கொள்ளும். காட்டெருமைகளுக்குச் சேதமே இல்லை. "வயசாயிடுச்சு, கண்ணு தெரியல" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வான். ஆர்டித் அவன் தோளைத் தட்டிக்கொடுப்பாள்.

அடுத்த வசந்தத்தில், முதல் கூடுகையன்று, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தாள். வெயிலில் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள்.

"இது என் கை இல்லியே."

ஆர்வல் துப்பாக்கியைக் கீழே வைத்தான். அவள் எழுந்து வண்டிக்குப் போய்விட்டாள். அவனுக்குத் தனியாகப் போகப் பயம். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"எவ்வளவு நாளா?" என்றாள், எங்களைப் பார்க்காமல்.

"போன கோடைல இருந்து."

"அந்த மருந்தில்லாத தோட்டாக்கு அப்பறமா?"

"ஆமா."

"அதுல இல்லாத மருந்து வேற ஒண்ணுல இருந்திருக்குமே. இருந்துதா?"

அவன் தலையை ஆட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன்னக் கொன்னிருப்பேனே ஆர்வல். ஏன் சொல்லல? நான் என்ன குழந்தையா?"

"நீ அங்க உக்காந்து பாட்டு முணுமுணுப்பல்ல. அது நின்னு போயிருமேன்னு."

"மடையா," என்றாள். பிறகு அழுதாள்.

வீட்டுக்குப் போனதும், மேசையில் கருவிகளைப் பூட்டியிருந்த திருகுகளை அவளே கழற்றினாள். குண்டை அழுத்திப் பொருத்தும் கருவி, தராசு, மருந்து டப்பாக்கள் எல்லாவற்றையும் என் வண்டியில் ஏற்றச் சொன்னாள். பில்லிங்ஸ் நகரத்து டாக்டரைப் பார்க்கவும் தானே சம்மதித்தாள். அவர் மறதி நோய் என்று சொன்னது எங்களுக்குத் தெரிந்ததுதான்.

இதோடு முடிந்திருந்தால் தேவலை. ஆனால் தன் கருவிகளைத் தானே கொடுத்ததையும் அவள் மறந்தாள். குளிர்காலத்தில் ஒரு காலை, கொட்டகையில் வெறும் மேசையைப் பார்த்துவிட்டு, திருடன் வந்துவிட்டான் என்று கத்தினாள். ஆர்வல் நடந்ததைச் சொன்னான். அவளுக்கு அது அப்போதுதான் நடந்தது போல. "உன்னக் கொன்னிருப்பேனே" என்று மறுபடியும் அழுதாள். சில நாள் கழித்துத் திரும்பவும் கொட்டகை, திரும்பவும் வெறும் மேசை.

"முடியலடா. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுசா வலிக்குது," என்றான் ஆர்வல்.

கருவிகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பொருத்தினோம். மருந்து மட்டும் என் வீட்டிலேயே இருந்தது. செத்த பொட்டு வைத்த கூடுகளையும் ஈயக் குண்டுகளையும் அவள் முன் வைத்தான். ஆர்டித் உட்கார்ந்தாள். காலித் தட்டைத் தராசில் வைத்து நிறுத்தாள், கவிழ்த்தாள், குண்டைப் பொருத்தினாள், விளிம்பை நெருக்கினாள். மூளை விட்டுவிட்டதை விரல்கள் விடவில்லை. பாட்டும் வந்தது. மத்தியானம் அவள் தூங்கும்போது ஆர்வல் எல்லாவற்றையும் பிரித்து மறுநாளுக்கு வைப்பான். அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு விரல்களும் விட்டுவிட்டன. மார்ச் மாதம், பசுக்கள் கன்று போடும் சமயத்தில், நிமோனியாவில் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கத்துக்கு டுவேன் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஆர்வல் கையைப் பிடித்துக்கொண்டான். கோடை வந்தது. ஆர்வல் மைதானத்துக்கு வரவே இல்லை. ஜூலையில் ஒரு நாள் நானே போய் அவன் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். 

"கொட்டகைல, கருவிய நீதான் குடுத்தேன்னு அவகிட்ட சொன்னேன் பாரு, அந்தக் காலைலதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருது," என்றான். "முதல் தடவையே பொய் சொல்லியிருக்கலாம். ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லியிருந்தா போதும். எனக்குத் தோணவே இல்ல வெஸ். அவகிட்ட நான் அதுக்கு முன்னாடி பொய்யே சொன்னதில்ல, அந்தத் தோட்டா விஷயத்தத் தவிர."

மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. வெட்டிப் போட்ட தீவனப்புல் வயலில் கிடந்தது. மழைக்கு முன் அதைக் கட்டாகக் கட்ட வேண்டும் என்று எழுந்தான். நானும் கூடப் போனேன்.