கேட்காமல் சொன்ன ஜெபக்குறிப்பு

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதனால் பிளஸ் ஒன் படிக்கும் தங்கையை அம்மா என் பொறுப்பில் விட்டிருந்தார். வகுப்பில் ஒரு பையனைப் பிடித்திருப்பதாக அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். பயந்துபோய், காரைக்குடியில் எங்கள் சபைப் பெண்கள் கூடுகையில் எல்லோரும் ஜெபிக்கும்படி அதை ஜெபக்குறிப்பாகச் சொல்லிவிட்டேன், அவள் பெயரோடு.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒனக்காக உபவாசம் இருக்கோம்டி. பய பாக்க நல்லா இருப்பானா?" என்றார் ஒருவர்.

"அக்கா படிப்புல முந்துனா, நீ இதுல முந்திட்ட" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்காக நானும் சிரித்தேன். தங்கை என்னையே பார்த்தாள்.

மறுநாள் பள்ளி விட்டும் அவள் வரவில்லை. பதறித் தேடிய நானும் அப்பாவும் பக்கத்து ஊரான தேவகோட்டையின் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டோம். சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எங்குட்டுப் போறதுன்னு தெரியலப்பா" என்று அப்பாவிடம்தான் சொன்னாள்.

இப்போதெல்லாம் யாரையும் கேட்காமல் அவர்களுக்காக ஜெபக்குறிப்பு கொடுப்பதில்லை. தங்கையிடமும் தினமும் கேட்கிறேன்: "ஒனக்காக என்ன ஜெபிக்கட்டும்?"

"ஒண்ணுமில்லக்கா" என்கிறாள். கணக்கில் அவள் பெயிலானதை அவள் தோழி சொல்லித்தான் அறிந்தேன்.